மலைக் குளிர்ல ஸ்வெட்டர் கை, ஐஸ் மாதிரி தண்ணி, குளிக்க மாட்டேங்குற பேஷண்ட்: நீங்கல்லாம் எப்படி சமாளிக்கிறீங்க?

ஊட்டி வார்டு சிஸ்டர்:
எல்லாருக்கும் வணக்கம். ஊட்டில ஒரு ஆஸ்பத்திரில மெடிக்கல் வார்டு பாக்குறேன். மார்கழி பொறந்தாச்சு, காலைல புல்லு மேல வெள்ளையா உறைபனி கிடக்கு, நைட் டூட்டி முடிச்சு வெளிய வந்தா விரல் மடங்கவே மாட்டேங்குது. இந்த நேரத்துல வார்டுல எல்லாருமே முழுக்கை ஸ்வெட்டர்தான், டாக்டர்ல இருந்து ஸ்வீப்பர் அக்கா வரைக்கும். நேத்து ஒரு டிரெஸ்ஸிங் பண்றப்ப பக்கத்துல நின்னு கவனிச்சேன், ஸ்வெட்டரோட மணிக்கட்டு விளிம்பு பேஷண்டோட பெட்ஷீட்ல உரசுது, அப்புறம் பேசின் விளிம்புல, அப்புறம் புண்ணுக்கு பக்கத்துல, அதே விளிம்போட அடுத்த பெட்டுக்குப் போறாங்க. கை கழுவுனாங்க, இல்லன்னு சொல்லல, ஆனா ஸ்வெட்டரை சுருட்டி மேல ஏத்தினாலும் ஒரு நிமிஷத்துல வழுக்கி கீழ வந்துருது, ஈரமாவும் ஆயிருது, ஈரமான கம்பளில கிருமி எவ்வளவு சௌகரியமா இருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் க்ளாஸ் எல்லாத்துலயும் கை கழுவுறதுக்கு ஆறு ஸ்டெப் சொல்லித் தர்றாங்க, 5 டிகிரி குளிர்ல குழாய்த் தண்ணில அதை ஒரு ஷிஃப்ட் முழுக்க எப்படி செய்யறதுன்னு யாரும் சொல்லித் தர்றதில்ல. இது தவிர பேஷண்டுங்க குளிக்கவே விடமாட்டேங்குறாங்க. மலைல வேலை பாக்குறவங்க என்ன பண்றீங்கன்னு தெரிஞ்சுக்கணும்.

ரிட்டயர்டு தியேட்டர் சிஸ்டர், குன்னூர்:
நல்ல கேள்விம்மா. நாங்க ஆபரேஷன் தியேட்டர்ல இருந்தப்ப முழங்கைக்குக் கீழ எதுவுமே இருக்கக் கூடாது, வாட்ச், வளையல், மோதிரம், கயிறு எல்லாம் கழட்டிட்டுதான் உள்ள போவோம். வார்டுக்கும் அதே நியாயம்தான். குளிருக்கு வழி என்னன்னா கையில்லாத ஸ்வெட்டர், உள்ள ரெண்டு அடுக்கு தெர்மல், அதோட கையை முழங்கைக்கு மேலயே வெட்டி தச்சிக்கணும். நெஞ்சும் முதுகும் கதகதப்பா இருந்தா விரலுக்கு ரத்தம் நல்லா வரும், கை அவ்வளவா மரத்துப் போகாது. ப்ளாக் விட்டு ப்ளாக் நடக்கறப்ப கோட்டு போட்டுக்கோ, வார்டு வாசல்ல கழட்டி மாட்டிட்டு உள்ள போ. மாட்டறதுக்கு ஒரு ஆணி அடிச்சுக் குடுக்கச் சொல்லி கேளு, அதைக் கேக்காம விட்டா எல்லாரும் கோட்டோடதான் பெட் பக்கத்துல நிப்பாங்க.

கோத்தகிரி பிரதர்:
நானும் ஸ்டாஃப் நர்ஸ்தான். சிஸ்டர் சொல்றதுக்கு நேரா எதிர்த்துப் பேசல, ஆனா ஒரு சந்தேகம். இங்கிலாந்துல 2007-ல முழங்கைக்குக் கீழ வெறுங்கையா இருக்கணும்னு அரசாங்கமே சொல்லுச்சு, அப்பவே டாக்டருங்க நெறைய பேர் முழுக்கைச் சட்டையால இன்ஃபெக்‌ஷன் வருதுங்கறதுக்கு நேரடி ஆதாரம் எங்கன்னு கேட்டாங்க. துணில கிருமி இருக்கறது உண்மை, அது பேஷண்டுக்குப் போய் நோய் வந்துச்சுன்னு காட்டறது கஷ்டம். அப்படி இருக்கறப்ப குளிர்ல நடுங்கிட்டு இருக்கற ஸ்டாஃபை ஸ்வெட்டரை கழட்டுன்னு சொன்னா அவங்க வெறுத்துப் போயி கை கழுவுறதையே குறைச்சுருவாங்களோன்னு எனக்கு பயமா இருக்கு.

ஊட்டி வார்டு சிஸ்டர்:
பிரதர், நேரடி ஆதாரம் குறைவுங்கறது சரிதான். ஆனா முழுக்கை போட்டுட்டு மணிக்கட்டை யாரால கழுவ முடியும் சொல்லுங்க? என் கண்ணுல பட்டது அதுதான். ஸ்வெட்டரோட மணிக்கட்டு விளிம்பு நனையக் கூடாதேன்னு விரல் நுனியை மட்டும் தண்ணில காட்டிட்டு எடுத்துர்றாங்க. கட்டை விரலும் மணிக்கட்டும் அப்படியே விட்டுப் போகுது. ஸ்வெட்டர்ல கிருமி இருக்கோ இல்லையோ, ஸ்வெட்டர் இருக்கறதாலயே கை ஒழுங்கா கழுவப்படல. வெறுத்துப் போயிருவாங்கன்னு நீங்க சொன்னதும் எனக்கு உறைக்குது, அதனாலதான் திட்டறதுக்குப் பதிலா வழி கேக்குறேன்.

கோத்தகிரி பிரதர்:
அது நியாயம் சிஸ்டர், ஒத்துக்கறேன். அப்படின்னா தண்ணி விஷயத்தையும் சேர்த்து யோசிங்க. கைல கண்ணுக்குத் தெரியற அழுக்கு, ரத்தம், மலம் எதுவும் இல்லன்னா கைல தேய்க்கற ஆல்கஹால் ஹேண்ட் ரப்பே போதும், உலக சுகாதார நிறுவனமே அதைத்தான் முதல்ல சொல்லுது, 20-லருந்து 30 செகண்ட் தேய்ச்சா முடிஞ்சுது, சோப்புத் தண்ணின்னா 40-லருந்து 60 செகண்ட் ஆகும். நம்ம ஊர் தண்ணில 60 செகண்ட் கை வைக்கறது எப்பேர்ப்பட்ட கொடுமைன்னு கீழ இருக்கறவங்களுக்குப் புரியாது. ஆனா வயித்தால போற பேஷண்ட், அதுலயும் ஆன்டிபயாடிக் குடுத்ததுக்கு அப்புறம் போகுதுன்னா, ரப் உதவாது, க்ளோஸ்ட்ரிடியம் டிஃபிசில்ங்கற வயித்துப்போக்குக் கிருமியோட ஸ்போரை, அதாவது கெட்டி ஓட்டுக்குள்ள தூங்கற கிருமியை, ஆல்கஹால் கொல்லாது, சோப்பும் தண்ணியும்தான். க்ளவுஸ் போட்டுருந்தேனேன்னு சொல்றவங்களுக்கும் ஒண்ணு, க்ளவுஸ்ல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கும், கழட்டறப்பவும் கைல படும், கழட்டினதும் கையை சுத்தம் பண்ணியே ஆகணும்.

ரிட்டயர்டு தியேட்டர் சிஸ்டர், குன்னூர்:
கை வெடிப்பைப் பத்தி யாரும் பேசல. மலைல பனிக்காலத்துல நர்ஸுங்க கையைப் பாத்தா அழுகையா வரும், விரல் மடிப்புல வெடிச்சு ரத்தம் கசியும். வெடிச்ச கைல கிருமி கூடுதலா தங்கும், எரியுதேன்னு கழுவுறதையும் தவிர்ப்பாங்க, அதனால கை தோலைப் பாத்துக்கறதும் இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல்தான். குளிருதேன்னு கொதிக்கற வெந்நீர்ல கை கழுவாதீங்க, கிருமி போறதுக்கு சூடு தேவையில்ல, சூட்டுத் தண்ணி தோலோட எண்ணெயை எடுத்துட்டு இன்னும் வெடிக்க வைக்கும். வெதுவெதுன்னு இருந்தா போதும். துடைக்கறப்ப தேய்க்காம ஒத்தி எடுங்க. ஈரக் கைல க்ளவுஸ் மாட்டாதீங்க. சோப்பு போட்டுக் கழுவின கையோட உடனே ரப்பும் போடாதீங்க, ரெண்டும் சேந்தா தோல் சீக்கிரம் போயிரும். ரப்ல கிளிசரின் கலந்துருக்கும், அதனால சோப்பை விட ரப் தோலுக்கு நல்லது, ஆனா ஏற்கெனவே வெடிச்ச கைல போட்டா எரியும், எரியறதை வச்சு ரப் கெட்டதுன்னு முடிவு பண்ணிராதீங்க. பனி வர்றதுக்கு முன்னாடியே க்ரீம் போட ஆரம்பிச்சுருங்க. தேங்காயெண்ணெய் நம்ம ஊர்ல கட்டியா உறைஞ்சு கிடக்கும், அதைச் சூடு பண்ணித் தடவற ஆளுங்க நெறைய, வீட்ல படுக்கறப்ப தடவுங்க வேணாங்கல, டூட்டில தடவாதீங்க, எண்ணெயும் வாஸ்லினும் ரப்பர் க்ளவுஸை இளக்கிப் பிஞ்சு போக வச்சுரும். டூட்டிக்கு தண்ணி சார்ந்த லோஷன்தான்.

கோத்தகிரி மருமக:
சிஸ்டர் அக்காங்களா, நான் நர்ஸ் இல்லீங்க, நடுவுல நுழையறதுக்கு தப்பா நினைக்காதீங்க. எங்க மாமியாருக்கு ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் விழுந்துருச்சு, வீட்லதான் வச்சுப் பாக்குறோம். எங்க ஹட்டில, அதாவது எங்க படுகர் ஊர்ல, பனி நேரம் பகல்லயே கதவைத் திறக்க முடியாது. குளிப்பாட்டலாம்னு போனா அழறாங்க, குளிருது விடுன்னு கையைத் தட்டி விடறாங்க. நாலஞ்சு நாளைக்கு ஒரு தடவை வெந்நீர்ல ரெண்டு மூடி டெட்டால் ஊத்தி துணியை நனைச்சு துடைக்கறேன். இப்ப இடுப்புக்குக் கீழ, பின்னாடி எலும்புக்கிட்ட ஒரு இடம் கறுப்பா தெரியுது, தொட்டா கொஞ்சம் சூடா இருக்கு. அக்கம்பக்கத்துல நல்லா எண்ணெய் போட்டுத் தேய்னு சொல்றாங்க. தேய்க்கலாமா?

கூடலூர் பாலியேட்டிவ் சிஸ்டர்:
தேய்க்காதம்மா. முதல்ல அதைச் சொல்லிர்றேன், நிறம் மாறின இடத்தைத் தேய்க்கவே கூடாது, உள்ள சதை ஏற்கெனவே நசுங்கி இருக்கும், தேய்ச்சா அது இன்னும் கிழியும். வெள்ளைத் தோல்ல சிவப்பா தெரியும்னு புஸ்தகத்துல போட்டுருக்கும், நம்ம தோல்ல அப்படித் தெரியாது, கறுத்த மாதிரி, நீலம் பாய்ஞ்ச மாதிரி இருக்கும், தொட்டா சூடாவோ கெட்டியாவோ கொழகொழன்னோ இருக்கும், நீ சூடு இருக்குன்னு கவனிச்சது பெரிய விஷயம். இன்னைல இருந்து அந்த இடத்துல வெயிட் விழக் கூடாது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பு, ஒரேயடியா பக்கவாட்டுல சாய்க்காம முதுகுக்குப் பின்னாடி தலகாணி வச்சு லேசா சாய்ச்சு படுக்க வை. குதிகால் மெத்தைல படாம கெண்டைக்கால் அடில தலகாணி குடு. நடுவுல ஓட்டை இருக்கற ரப்பர் வளையம் வாங்கிராத, அது சுத்தி இருக்கற ரத்த ஓட்டத்தை நிறுத்திரும். பக்கத்துல இருக்கற ஆரம்ப சுகாதார நிலையத்துல சொல்லி வில்லேஜ் நர்ஸை இந்த வாரமே வந்து பாக்கச் சொல்லு. மக்களைத் தேடி மருத்துவம்னு வீட்டுக்கு வர்ற திட்டத்துல படுக்கைல இருக்கறவங்களுக்கு பாலியேட்டிவ் கேரும், அதாவது வலியும் கஷ்டமும் குறைக்கற பராமரிப்பும் இருக்கு, உங்க பேரை எழுதச் சொல்லு. தோல் கிழிஞ்சாலோ, நாத்தம் வந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிரு.

குளிக்கற விஷயம். பாட்டி அழறது தண்ணிக்காக இல்ல, மொத்த உடம்பையும் திறந்து போடறதால. நான் வீடு வீடா போறப்ப இப்படித்தான் செய்வேன். வெயில் நல்லா ஏறின நேரம், பதினோரு மணிக்கு மேல வச்சுக்கோ, காலங்காத்தால வேணாம். எல்லா சாமானையும் முன்னாடியே எடுத்து வச்சிரு, ரெண்டு பேசின், நாலஞ்சு சின்னத் துணி, ரெண்டு துண்டு, மாத்துத் துணி. மாத்துத் துணியை கம்பளிக்கு அடில பாட்டி கால் பக்கத்துல வச்சுட்டா அதுவும் சூடாயிருக்கும். தண்ணி சூட்டை உன் முழங்கைல தொட்டுப் பாரு, விரலை நம்பாத, வேலை செஞ்ச விரலுக்கு சூடு தெரியாது. கம்பளி மேலயே இருக்கட்டும், ஒரு கையை மட்டும் வெளிய எடு, துடை, உடனே துண்டால ஒத்தி ஈரத்தை எடு, கம்பளிக்குள்ள விடு, அப்புறம்தான் அடுத்த கை. ஈரம் காயற நேரத்துலதான் நடுக்கம் வரும், அதனால ஈரத்தை நிக்க விடாத. முதல்ல கண்ணு, மூக்குப் பக்கத்துல இருந்து காது பக்கமா, ஒரு கண்ணுக்கு துணியோட ஒரு மூலை, அடுத்த கண்ணுக்கு வேற மூலை. அப்புறம் முகம், கழுத்து, கை, அக்குள், மார்புக்கு அடி மடிப்பு, வயிறு, கால், விரல் இடுக்கு, முதுகு. கடைசியா கீழ்ப்பகுதி, அதுக்கு தண்ணியையும் துணியையும் மாத்திரு, முன்னாடில இருந்து பின்னாடிதான் துடைக்கணும், பின்னாடில இருந்து முன்னாடி வந்தா மலத்துக் கிருமி மூத்திரப் பாதைக்குப் போயிரும். தண்ணி ஆறிட்டாலும் கலங்கிட்டாலும் மாத்திரு.

தினம் முழு உடம்பும் வேணாம், வாரத்துல ரெண்டு நாள் முழுசா பண்ணினா போதும். ஆனா முகம், கை, அக்குள், மார்பு மடிப்பு, தொடை இடுக்கு, பின்பக்கம் இதெல்லாம் தினம் பண்ணணும், டயப்பர் நனைஞ்சா உடனே பண்ணணும். டெட்டால் ஊத்தாத, அது தோலை வறள வச்சு எரிய வைக்கும், வயசானவங்க தோல் காகிதம் மாதிரி மெல்லிசா இருக்கும். மைல்டு சோப்பு கொஞ்சமா, நல்லா அலசி எடுத்துட்டு, காஞ்சப்புறம் லோஷன். வாயை மறந்துராத. ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு முழுங்கறது சரியா இருக்காது, வாய்ல இருக்கற கிருமி எச்சிலோட நுரையீரலுக்குள்ள இறங்கி நிமோனியா வரும். தலைப்பக்கத்தை நல்லா உயர்த்தி, முகத்தை ஒரு பக்கமா சாய்ச்சு, சின்ன ப்ரஷ்ல ரெண்டு வேளை தேய்ச்சு விடு, பல்செட் இருந்தா ராத்திரி கழட்டிரு.

பேசினைப் பத்தியும் ஒண்ணு. துடைச்ச தண்ணியைக் கொட்டிட்டு பேசினை அப்படியே ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடுக்கிருவோம், மழைக்காலத்துல பந்தலூர், தேவாலா பக்கமெல்லாம் எதுவுமே காயாது, அடியில ஈரம் நின்னு கிருமி வளரும், மறுநாள் அதே பேசின்ல முகம் துடைப்போம். சோப்பு போட்டுக் கழுவி, சுத்தமான துணியால துடைச்சு, கவுத்தி வை.

கோத்தகிரி மருமக:
அக்கா ரொம்ப நன்றிங்க. இவ்வளவு நாளா மொத்தமா கம்பளியை எடுத்துட்டுதான் துடைச்சுட்டு இருந்தேன். ரூம் சூடாகட்டும்னு கரி அடுப்பு பத்த வச்சு உள்ள வச்சுக்கலாமா?

ரிட்டயர்டு தியேட்டர் சிஸ்டர், குன்னூர்:
வேணாம்மா, வேணவே வேணாம். மூடின ரூம்ல கரி புகைஞ்சா கார்பன் மோனாக்சைடு வரும், வாசனையே தெரியாது, தூக்கத்துலயே உயிர் போயிரும். மலைக்கு டூர் வந்தவங்க ரூமுக்குள்ள கரி அடுப்பு வச்சுட்டுத் தூங்கி இறந்து போன செய்தி கொடைக்கானல்ல இருந்தெல்லாம் வந்துருக்கு. சுடுதண்ணிப் பையும் விழுந்து போன கை கால் மேல நேரா வைக்காத, அந்தப் பக்கம் உணர்ச்சி இல்லாம வெந்து போறது தெரியாது.

கொடைக்கானல் மகன்:
அப்பாவுக்கு ப்ராஸ்டேட் பிரச்சனை, கதீட்டரோட (யூரின் போற ட்யூப்) டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க, அடுத்த மாசம் ஆபரேஷன்னு சொல்லிருக்காங்க. யூரின் கலங்கலா போகுது. மெடிக்கல் ஷாப்ல கேட்டா ஆன்டிபயாடிக் குடுக்கறேங்குறாங்க. வாங்கலாமா? யூரின் பேக்கை கட்டில் கம்பில மாட்ட முடியல, தரைல வச்சுருக்கோம். தண்ணியும் குடிக்க மாட்டேங்குறாரு, குளிருதுங்கறாரு, டீ மட்டும்தான்.

கூடலூர் பாலியேட்டிவ் சிஸ்டர்:
தம்பி, பேக்கை முதல்ல தரைல இருந்து எடுங்க. ஒரு சின்ன பக்கெட்டை நல்லா கழுவி அதுக்குள்ள ஸ்டாண்ட் மாதிரி தொங்க விடுங்க, இல்ல கட்டில் சட்டத்துல துணிக்கயிறு கட்டி மாட்டுங்க, எப்பவும் அடிவயித்துக்குக் கீழதான் இருக்கணும், மேல போனா யூரின் திரும்ப உள்ள ஓடும். நடக்கறப்ப தூக்கிப் பிடிக்கறவங்க நெறைய, அது கூடாது. ட்யூபையும் பேக்கையும் பிரிக்காதீங்க. முக்கால்வாசி நிரம்ப விடாம முன்னாடியே திறந்து விடுங்க, அதுக்குன்னே ஒரு மக்கு தனியா வைங்க, பேக்கோட மூக்கு மக்குல படக் கூடாது, முன்னயும் பின்னயும் கை கழுவுங்க. ட்யூப் வெளிய வர்ற இடத்தை தினம் சோப்பும் தண்ணியும் போட்டுக் கழுவினா போதும், டெட்டாலோ பெட்டாடினோ வேணாம். முன்தோலைப் பின்னாடி தள்ளிக் கழுவிட்டு மறக்காம முன்னாடி கொண்டு வந்துருங்க, அப்படியே விட்டா வீங்கி இறுகிக்கும், அது எமர்ஜென்சி.

கதீட்டர் போட்ட பிறகு ஒவ்வொரு நாளும் 100-ல 3-லருந்து 7 பேருக்கு புதுசா யூரின்ல பாக்டீரியா வந்துரும், ஒரு மாசம் தாண்டினா ஏறக்குறைய எல்லாருக்கும் இருக்கும். அதனால வெறும் கலங்கலுக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டா நல்லது ஒண்ணும் நடக்காது, மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும், அப்புறம் ஆபரேஷன் நேரத்துல கஷ்டம். கடைல வாங்காதீங்க. காய்ச்சல், குளிர் ஜுரம், அடிவயித்துல வலி, யூரின் நின்னு போறது, திடீர்னு ஆளு குழம்பிப் பேசறது, இதுல எது வந்தாலும் உடனே டாக்டர்கிட்ட போங்க. வயசானவங்களுக்கு காய்ச்சலே இல்லாம குழப்பம் மட்டும் வரும், அதை வயசுக் கோளாறுன்னு விட்டுராதீங்க. தண்ணிக்கு, டாக்டர் அளவு எதுவும் கட்டுப்படுத்தலன்னா, ஃப்ளாஸ்க்ல வெந்நீரோ சீரகத் தண்ணியோ ரசமோ ஊத்தி பக்கத்துல வைங்க. பச்சத்தண்ணியை யாரும் இந்தக் குளிர்ல குடிக்க மாட்டாங்க.

ஸ்டெரிலைசேஷன் டெக்னீஷியன், ஊட்டி:
சம்பந்தம் இருக்கறதால ஒரு விஷயம் சேக்குறேன், மலைல இதை யாரும் கண்டுக்கறதில்ல. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், இங்க தண்ணி 93 டிகிரி பக்கத்துலயே கொதிச்சிரும். அதனால குடிதண்ணியை 2,000 மீட்டருக்கு மேல 3 நிமிஷம் தளதளன்னு கொதிக்க விடணும், கீழ 1 நிமிஷம் போதும். ஊட்டியும் கொடைக்கானலும் அந்த உயரத்துக்கு மேல, குன்னூர் கோத்தகிரி கொஞ்சம் கீழ. வீட்ல கத்தரிக்கோலைக் கொதிக்க வச்சுட்டு ஸ்டெரைல் பண்ணியாச்சுன்னு நினைக்காதீங்க, ஸ்போர் அதுல சாகாது.

அதே காரணத்தால பழைய ஆட்டோகிளேவ்ல (நீராவி அழுத்தத்துல கருவியை ஸ்டெரைல் பண்ற மிஷின்) மீட்டர் முள்ளை மட்டும் பாத்து ஓட்டறது ஆபத்து. கடல் மட்டத்துல 15 பவுண்ட் அழுத்தம் காட்டினா உள்ள 121 டிகிரி. இங்க வெளிக்காத்தோட அழுத்தமே சுமார் மூணரை பவுண்ட் குறைவு, அதனால முள்ளு 15 காட்டறப்ப உள்ள 117 டிகிரி பக்கம்தான் இருக்கும். 121 வேணும்னா முள்ளு பதினெட்டரை காட்டணும். அதுக்காக நீங்களா வால்வை இறுக்கிராதீங்க, மிஷினோட சேஃப்டி வால்வு எவ்வளவு தாங்கும்னு சர்வீஸ் இன்ஜினியரைக் கேட்டுதான் செட் பண்ணணும், இல்லன்னா நேரத்தைக் கூட்டச் சொல்வாங்க. டெம்பரேச்சர் காட்டற மிஷின்னா டெம்பரேச்சரைத்தான் நம்பணும். பொட்டலத்து மேல ஒட்டற டேப்ல கோடு கறுத்துருச்சுன்னா சூடு பட்டுச்சுன்னுதான் அர்த்தம், கிருமி செத்துச்சான்னு தெரிய ஸ்போர் டெஸ்ட் போடணும். சின்ன க்ளினிக் நடத்தறவங்க தயவுசெஞ்சு ஒரு தடவை செக் பண்ணுங்க.

ரிட்டயர்டு தியேட்டர் சிஸ்டர், குன்னூர்:
இது தெரிஞ்ச ஆளு ஒருத்தர் சொன்னதே நிம்மதி. எங்க காலத்துல குன்னூர்ல இருந்த பெரிய சிஸ்டர் ஒருத்தங்க நேரத்தைக் கூட்டித்தான் ஓட்டுவாங்க, காரணம் கேட்டா மலை கண்ணு மலைன்னு மட்டும் சொல்வாங்க.

கோத்தகிரி பிரதர்:
ஜன்னலையும் யாராவது பேசுங்க. சாயங்காலம் நாலு மணி ஆனா அட்டெண்டருங்களே எல்லா ஜன்னலையும் சாத்திர்றாங்க, காலைல உள்ள போனா மூச்சு முட்டுது. அந்த வார்டுல இருமிட்டு இருக்கற யாருக்காவது டிபி இருந்து இன்னும் கண்டுபிடிக்கலன்னா பக்கத்து பெட்டுக்கு அதைவிட சௌகரியம் வேற வேணாம். டிபிக்கு கை கழுவுறது காவல் இல்ல, காத்து மாறணும். நாங்க இப்ப பதினொண்ணுல இருந்து மூணு வரைக்கும் எதிரெதிர் ஜன்னல் ரெண்டையும் திறக்கறோம், ராத்திரில மேல இருக்கற சின்னக் கதவை மட்டும் திறந்து வைக்கறோம், ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருக்கறவங்களை ஜன்னலோரம் தனியா போட்டு மாஸ்க் குடுத்து அன்னைக்கே சளி டெஸ்ட்டுக்கு அனுப்பறோம். ஜன்னல் திறக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தருக்கும் கூடுதலா ஒரு கம்பளி குடுத்தாத்தான் இது நடக்கும், குடுக்காம திறந்தா அடுத்த நிமிஷம் சொந்தக்காரங்க சாத்திருவாங்க.

ஊட்டி வார்டு சிஸ்டர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னைக்கு இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட உக்காந்து பேசினேன். கேட்டது இதுதான்: வாசல்ல கோட்டு மாட்ட கம்பி, ஸ்டாஃபுக்கு கையில்லாத ஸ்வெட்டர், ஒவ்வொரு பெட் கால்மாட்டுலயும் ஹேண்ட் ரப், கை கழுவுற சிங்க்கு ஒரு கீசர், ஸ்பாஞ்ச் பாத் நேரத்தை காலை ஆறு மணில இருந்து பதினொண்ணுக்கு மாத்தறது. கடைசி விஷயத்துக்குத்தான் பெரிய விவாதம், டாக்டர் ரவுண்ட்ஸ் வர்றப்ப பேஷண்ட் சுத்தமா இருக்கணும்னு அந்தக் காலத்துல இருந்து ஆறு மணிக்கே முடிச்சுர்றது வழக்கம். உறைபனில ஆறு மணிக்கு கிழவங்களைத் துடைக்கறதை யாருமே முழுசா செய்யல, முகத்தை மட்டும் துடைச்சுட்டு சார்ட்ல டிக் போட்டுட்டுதான் இருக்கோம்னு வெளிப்படையா எடுத்துச் சொன்னேன். முகம், வாய், டயப்பர் காலைல, மத்தது பதினொண்ணுக்குன்னு பிரிச்சுக்கலாம்னு ஒத்துக்கிட்டாங்க, திங்கட்கிழமைல இருந்து. கீசருக்கு லெட்டர் குடுக்கச் சொன்னாங்க. தெர்மல் கையை வெட்டி தச்சுக் குடுக்கற டைலர் ஊட்டி மார்க்கெட் பக்கம் யாராவது தெரிஞ்சா சொல்லுங்க, ஒரு பன்னெண்டு பேருக்கு வேணும்.

ரிட்டயர்டு தியேட்டர் சிஸ்டர், குன்னூர்:
எங்க தெருவுல ஒருத்தர் இருக்காரு கண்ணு, அளவை எழுதி பஸ்ல குடுத்து விடு, நான் தச்சு வாங்கி அனுப்பறேன். முழங்கைக்கு நாலு விரல் மேல, மறந்துராத.

கோத்தகிரி மருமக:
இன்னைக்கு பதினோரு மணிக்கு அக்கா சொன்ன மாதிரியே ஒவ்வொரு கையா எடுத்து துடைச்சேன். அழல. வில்லேஜ் நர்ஸ் வியாழக்கிழமை வர்றேன்னு சொல்லிருக்காங்க, அந்தக் கறுத்த இடத்தைப் பாத்துட்டு என்ன சொல்றாங்கன்னு எழுதறேன்.